ஒரு அடித் துணியில் வண்ணமும் தையலும்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில், துணியில் வண்ணம் தீட்டி ஒட்டுத்தையல் செய்துவரும் குழு உறுப்பினர்கள் ஐந்து பேர் பேசியதின் எழுத்து வடிவம்)



மைக் பிடித்துப் பேசி எங்களுக்குப் பழக்கமில்லை. ஐந்து பேரில் யார் பேசுவது என்று நேற்று ராத்திரி வரைக்கும் முடிவாகவில்லை. கடைசியில் எழுதிக்கொண்டு வந்து ஆளுக்குக் கொஞ்சம் படிப்பது என்று வைத்துக்கொண்டோம். நடுவில் குரல் மாறினால் ஆள் மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கையில் இருக்கிறதே, இதைப் பார்த்துவிட்டு உள்ளே நுழையும்போதே மூணு பேர் கேட்டாங்க, "இது என்ன, மிதியடியா?" என்று. மிதியடி இல்லீங்க. சுவரில் மாட்டுவது. ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம். மேலே நாங்களே வண்ணம் போட்ட துணி, நடுவிலே மெல்லிய பஞ்சு விரிப்பு, அடியிலே சாதாரணத் துணி. மூன்றையும் சேர்த்து நூல் ஓட்டித் தைத்திருக்கிறோம். இதற்கு குவில்ட் என்று பேர்.

பேர்தான் புதுசு, வேலை பழசு. பழைய நூல் சேலையை நாலாக மடித்து, ஓரத்தைத் தைத்து, நடுவில் நூல் ஓட்டி, பிள்ளை பெற்ற வீட்டுக்கு விரிப்பாகக் கொடுப்பார்களே, நம் அம்மாக்கள் செய்த வேலைதான். வங்காளத்தில் இதையே காந்தா என்கிறார்கள். பழைய சேலைகளை அடுக்கி, அந்தச் சேலைக் கரையிலிருந்தே கலர் நூலை உருவித் தைப்பது அங்கே வழக்கமாக இருந்திருக்கிறது. வட கர்நாடகத்தில் கௌதி. துணியில் வண்ணம் போட்டுத் தொங்கவிடுவதும் நமக்குப் புதுசில்லை. கும்பகோணம் பக்கம் கோயிலுக்குத் தொம்பையும் தோரணமும் எழுதுகிற குடும்பங்கள் இருக்கின்றன. அந்தக் கருப்பூர் கலம்காரிக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேரில் தொங்குகிற தொம்பையை அண்ணாந்து பார்த்துவிட்டு, இது மிதியடியா என்று யாரும் கேட்டதில்லை.

சரி, அடுத்த கேள்வி. இதுவும் எல்லாரும் கேட்பதுதான். "இதுல என்ன படம் இருக்கு?"

படம் ஒன்றும் இல்லை. மயில் இல்லை, பிள்ளையார் இல்லை, ரோஜாப்பூ இல்லை. நீலம் இருக்கிறது, அதை வெட்டிக்கொண்டு ஒரு மஞ்சள் பட்டை போகிறது, மூலையில் கொஞ்சம் செம்மண் நிறம். அவ்வளவுதான். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த டீச்சர் முதல் நாள் இதைச் சொன்னபோது நாங்கள் சிரித்துவிட்டோம். படம் வரையத் தெரியாதவர்கள் சொல்கிற சாக்கு என்று நினைத்தோம். டீச்சர் கோபப்படவில்லை. "காலையில் வாசலில் என்ன கோலம் போட்டீங்க?" என்று கேட்டார். சிக்குக் கோலம் என்றோம். "அது பூவா, மரமா, மாடா?" என்றார். ஒன்றுமில்லை. புள்ளி, அதைச் சுற்றி ஓடுகிற இழை. ஆனாலும் ஒரு இழை கோணினால் நம் கண்ணுக்குத் தெரிந்துவிடும், நமக்கு முன்னால் மாமியார் கண்ணுக்குத் தெரிந்துவிடும். எது அழகு, எது கோணல் என்று உருவம் இல்லாமலேயே நமக்குத் தெரிந்திருக்கிறது. அதைத்தான் துணியில் செய்யச் சொன்னார்.

டீச்சர் எங்களுக்குச் சில போட்டோக்கள் காட்டினார். அமெரிக்காவில் அலபாமா என்கிற மாநிலம். அங்கே ஆறு வளைத்துக்கொண்டு ஓடுகிற ஒரு இடத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வம்சத்தார் அங்கே வாழ்கிறார்கள். கறுப்பின மக்கள். குளிருக்குப் போர்த்திக்கொள்ள வேறு வழியில்லாமல் அந்த ஊர்ப் பெண்கள் வயலுக்குப் போட்டுக் கிழிந்த பேண்ட், சட்டை, மாவு மூட்டைத் துணி எல்லாவற்றையும் ஒட்டித் தைத்தார்கள். நேர்கோடு இல்லை, அச்சு இல்லை. பட்டை பட்டையாக, கட்டம் கட்டமாக, கண்ணுக்குப் பட்டபடி வைத்துத் தைத்தது. 1960-களில் அவர்கள் ஆற்றைத் தாண்டிப் போய் ஓட்டுரிமைக்குப் பேர் பதியப் போனார்கள் என்பதற்காக, 1962-ல் படகையே நிறுத்திவிட்டார்கள். திரும்பப் படகு வந்தது 2006-ல். நாற்பத்து நாலு வருஷம்! நம் ஊரில் ஒரு டவுன் பஸ் நாலு நாள் வராவிட்டால் நாம் என்ன பாடு படுகிறோம்.

1966-ல் அந்தப் பகுதிப் பெண்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவு ஆரம்பித்தார்கள். நம்ம குழு மாதிரிதான் என்று வையுங்கள். அவர்கள் தைத்த போர்வைகள் நியூயார்க்கில் ஏலத்தில் விற்றன. பிறகு 1972-ல் சியர்ஸ் என்கிற பெரிய கம்பெனிக்குத் தலையணை உறை தைக்கும் ஆர்டர் கிடைத்தது. கார்டுராய் என்று வரிவரியாகத் தடித்த துணி. ஆர்டர் என்றால் ஒன்றுபோல ஒன்று இருக்க வேண்டும். கூலி வந்தது. மிஞ்சிய வெட்டுத் துணியை வீட்டுக்குக் கொண்டுபோய் அவரவர் இஷ்டத்துக்கு ஒட்டிப் போர்வை தைத்தார்கள். அந்தப் போர்வைகளும், அதற்கு முன்னால் வீட்டுக்கென்று தைத்த போர்வைகளும்தான் 2002-ல் ஹூஸ்டன் நகரத்து மியூசியத்திலும், பிறகு நியூயார்க்கிலும் சுவரில் மாட்டப்பட்டன. 2006-ல் அமெரிக்கத் தபால் துறை அந்தப் போர்வைகளில் பத்தைத் தபால்தலையாகவே போட்டது.

அந்தப் போட்டோக்களில் ஒன்றை மட்டும் எங்கள் குழுவின் மூத்த அக்கா திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிப் பார்த்தார். மிஸ்ஸௌரி பெட்வே என்கிற அம்மா 1942-ல் தைத்தது. வீட்டுக்காரர் இறந்த பிறகு, அவர் வேலைக்குப் போட்டுக்கொண்ட துணிகளையே வெட்டி, மகளையும் கூட வைத்துக்கொண்டு தைத்த போர்வை. அக்காவின் வீட்டுக்காரர் தவறிப்போய் அப்போது எட்டு மாசம். மறுநாள் பயிற்சிக்கு வரும்போது அக்கா ஒரு வேட்டியைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தார். நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இனிமேல் வேலைக்கு வருகிறோம். நோட்டு வைத்திருப்பவர்கள் எழுதிக்கொள்ளலாம்.

முதலில் துணி. புதுத் துணி என்றால் கடையில் வெள்ளைப் பருத்தித் துணி கேளுங்கள், காடாத் துணியும் ஆகும். டெரிகாட்டன் வேண்டாம். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், அது இருந்தால் பெயிண்ட் உள்ளே இறங்காது. வாஷிங் சோடா போட்ட சுடுதண்ணீரில் ஊறவைத்து அலசி, காயவைத்து இஸ்திரி போட வேண்டும். கஞ்சி போய்விட்டதா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் இன்னும் ஒருமுறை அலசணும். உடனே உறிஞ்சினால் சரி. இந்தத் தொல்லை எல்லாம் வேண்டாம் என்றால் பழைய வேட்டிதான் சிறந்தது. நூறு தரம் துவைத்த வேட்டியில் கஞ்சிக்கு எங்கே போவது?

பெயிண்ட், பேன்சி ஸ்டோரில் துணி பெயிண்ட் என்று கேட்டால் 15 மில்லி பாட்டிலில் கிடைக்கும். மூணு கலருக்கு மேல் வாங்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறோம். பயிற்சியின் முதல் நாள் ஒன்பது பேரும் இருந்த கலரையெல்லாம் எடுத்துத் தடவினோம். சிவப்பு மேல் பச்சை, பச்சை மேல் ஊதா. சாயந்திரம் பார்த்தால் ஒன்பது துணியும் சாணிக் கலர். ஒரு தங்கச்சி, "வாசல் தெளிச்சது போதும், வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து மூணு கலர், அதை வெளிர்க்கக் கொஞ்சம் வெள்ளை, அவ்வளவுதான் எங்கள் கணக்கு.

ஒரு ஸ்பூன் பெயிண்டுக்கு இரண்டு ஸ்பூன் தண்ணீர் வரை ஊற்றலாம். அதற்கு மேல் ஊற்றினால் துணியைப் பிடித்துக்கொள்ளும் சத்து குறைந்து, பிற்பாடு தேய்த்தால் வரும். துணியை நனைத்துப் பிழிந்துவிட்டுப் பெயிண்ட் வைத்தால் ஒரு கலர் இன்னொரு கலரில் கரைந்து போகும், மழை வருவதற்கு முன்னால் மேகம் இருக்குமே அந்த மாதிரி. காய்ந்த துணியில் வைத்தால் ஓரம் கூர்மையாக நிற்கும். இரண்டும் வேண்டும். ஒரே துணியில் பாதி நனைத்து, பாதி காயவைத்தும் போடலாம்.

பிரஷ் ஒன்று போதும். மற்றதெல்லாம் நம் வீட்டிலேயே இருக்கிறது. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி ஒற்றினால் நட்சத்திரம் வரும். பல் உடைந்த சீப்பை ஈரப் பெயிண்டில் இழுத்தால் உழவு சால் மாதிரிக் கோடு விழும். தேங்காய் நாரைக் கட்டித் தட்டினால் புள்ளி. பெயிண்ட் ஈரமாக இருக்கும்போது கல் உப்பைத் தூவி அசைக்காமல் விட்டுவிட்டால், ஒவ்வொரு கல்லும் சுற்றியுள்ள ஈரத்தைத் தன் பக்கம் இழுக்கும். காய்ந்தபின் உப்பைத் தட்டினால் துணி முழுக்கப் பூ விழுந்த மாதிரி இருக்கும். இன்னொன்று, நீர்த்த பெயிண்ட் பூசிய துணியை வெயிலில் விரித்து, மேலே வேப்பிலை, முருங்கைக் கொத்து எதையாவது நன்றாகப் படியும்படி வைத்துவிடுங்கள். வெயில் படுகிற இடம் முதலில் காயும். இலைக்கு அடியில் இருக்கிற ஈரம் கலரையும் கூட்டிக்கொண்டு காய்ந்த பக்கம் போய்விடும். இலையை எடுத்தால் அதன் உருவம் வெளுப்பாக நிற்கும். முதல் தடவை இதைப் பார்த்தபோது எங்கள் ஊக்குநர் அக்கா சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார். (அவரும் இங்கேதான் இருக்கிறார், இதைப் படிக்க வேண்டாம் என்று சொன்னார். படித்துவிட்டோம்.)

பெயிண்ட் ஒரு முழு நாள் காய வேண்டும். பிறகு துணியைத் திருப்பிப் போட்டு, பருத்திக்கு வைக்கிற சூட்டில், தண்ணீர் தெளிக்காமல் இஸ்திரி போடணும். ஓர் இடத்திலேயே நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே, முழுத் துணியிலும் நாலைந்து நிமிஷம். இந்தச் சூட்டில்தான் பெயிண்ட் துணியோடு பிடிக்கும். மூணு நாள் கழித்து, உப்புப் போட்ட துணி என்றால் கட்டாயம் பச்சைத் தண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும். இந்த இரண்டையும் அவசரத்தில் விட்டதால்தான் நாங்கள் பட்டோம். அதைப் பின்னால் சொல்கிறோம்.

அடுத்தது வெட்டுவது. ஆசையாகப் போட்ட துணியில் கத்தரி வைக்க மனசு வராது. ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை எடுத்து, 'ட' மாதிரி இரண்டு துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டையும் எதிரெதிராக வைத்தால் நடுவில் ஒரு ஜன்னல் கிடைக்கும். அதைத் துணிமேல் நகர்த்திக்கொண்டே போனால், மொத்தமாகப் பார்க்கும்போது ஒன்றுமில்லாத துணியில், ஒரு சாண் அகலத்தில் ஓர் இடம் அப்படியே நிற்க வைக்கும். அங்கே சாக்பீஸால் குறித்து வெட்டுங்கள். மிச்சத்தை ஒரு விரல் அகலம், மூணு விரல் அகலம் என்று பட்டையாக வெட்டுங்கள். எல்லாம் ஒரே அளவில் வேண்டாம்.

வெட்டியதைத் தரையில் பரப்பி மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். இதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும், இதில் அவசரப்படக் கூடாது. இருட்டுக் கலரும் வெளிச்சக் கலரும் பக்கத்தில் வந்தால்தான் எடுப்பாக இருக்கும். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும். இல்லாவிட்டால் பிள்ளைகளைக் கூப்பிட்டு, போனில் கறுப்பு வெள்ளையாகப் போட்டோ எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் எங்கேயாவது ஒரு வெள்ளைத் துண்டு வேண்டும் என்று அர்த்தம். நாங்கள் ஒரு துண்டுக்காக இரண்டு நாள் சண்டை போட்டிருக்கிறோம். அந்த மஞ்சள் பட்டை இடது பக்கமா, வலது பக்கமா என்று! வீட்டில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்த பார்வையைச் சொல்லி முடியாது.

தைப்பது உங்களுக்கே தெரியும், வேகமாகச் சொல்லிவிடுகிறோம். கால் அங்குலம் தையலுக்கு விட்டு, துண்டுகளைச் சேர்த்து 13 அங்குலச் சதுரம் ஆக்குங்கள். பஞ்சு விரிப்பையும் அடித் துணியையும் 15 அங்குலம் வெட்டுங்கள். பஞ்சு விரிப்பு டெய்லர் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும், இல்லாவிட்டால் பழைய நூல் சேலை இரண்டு மடிப்பு போதும். மூன்றையும் அடுக்கி, நடுவிலிருந்து வெளியே நீள நீளமாகத் தற்காலிகத் தையல் போட்டால் சுருக்கம் விழாது. அப்புறம் மிஷினிலோ கையாலோ மூன்றும் பிடிக்கிற மாதிரி நூல் ஓட்ட வேண்டும். பெயிண்ட் போட்ட துணி கொஞ்சம் விறைப்பாக இருக்கும், மழுங்கின ஊசி இறங்காது. மிஷின் என்றால் புது 14-ஆம் நம்பர் ஊசி போடுங்கள், தையலைக் கொஞ்சம் நீளமாக வையுங்கள். ஒன்று கவனம். இந்தத் துணியில் தையலைப் பிரித்தால் ஊசி போன ஓட்டை அப்படியே தெரியும். அதனால் யோசித்துவிட்டு ஊசி வையுங்கள். நூல் ஓட்டி முடித்ததும் 12 அங்குலத்துக்கு ஓரத்தை வெட்டி, இரண்டரை அங்குலப் பட்டியை இரண்டாக மடித்துச் சுற்றிலும் தைத்தால் பிசிறு வராது. பின்பக்கம் மேலே குழல் மாதிரி ஒரு துணி தைத்து அதில் மூங்கில் குச்சி செருகினால் மாட்டிவிடலாம்.

இதுவரைக்கும் சொன்னது கேட்க நன்றாக இருக்கும். இனிமேல் சொல்லப்போவதைச் சொல்ல வேண்டுமா என்று எங்களுக்குள் பேச்சு நடந்தது. சொல்லாவிட்டால் மற்ற குழுவும் அதே குழியில் விழும் என்று தலைவி அம்மா சொன்னார்கள்.

பயிற்சி முடிந்து ஆறு மாசத்தில், நகரத்தில் ஒரு கடையிலிருந்து ஆர்டர் வந்தது. மாதிரிக்கு ஒன்று வாங்கிப் பார்த்துவிட்டு, தீபாவளிக்கு முன்னால் 40 வேண்டும், ஒன்று 350 ரூபாய் என்றார்கள். 14,000 ரூபாய்! எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. முன்பணம் கேட்கவில்லை. எழுத்தில் எதுவும் வாங்கவில்லை. குழுவில் தீர்மானம் போட்டு 8,000 ரூபாய் உள்கடன் எடுத்தோம், நூற்றுக்கு மாசம் இரண்டு ரூபாய் வட்டி. பொருளே 3,800 ஆனது. மிச்சம் இஸ்திரிப் பெட்டி, கத்தரிக்கோல் இரண்டு, மிஷின் ரிப்பேர், அட்டைப் பெட்டி, பஸ் செலவு.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை. வீட்டுக்குள் கொடி கட்டி, அடுப்புப் பக்கம் தொங்கவிட்டு, தொட்டுப் பார்த்து ஒட்டவில்லை என்றதும் இஸ்திரி போட்டோம். கரண்ட் போகும், வரும். அலசுவதற்கு எங்கே நேரம்? உப்பைத் தட்டிவிட்டு அப்படியே தைத்தோம். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உட்கார்ந்து, சொன்ன தேதிக்கு 40-ஐயும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம்.

இரண்டு வாரத்தில் 26 திரும்பி வந்தது. பெட்டியைப் பிரித்தபோது துணி பிசுபிசு என்று இருந்தது. உப்பு ஈரத்தை இழுத்திருக்கிறது, சரியாகச் சூடு படாத பெயிண்ட் கசிந்து பக்கத்து வெள்ளையில் ஏறியிருக்கிறது. அது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் 26-ல் பதினொன்றுக்கு ஒரு குறையும் இல்லை. "சாம்பிள் மாதிரி இல்லை" என்று திருப்பியிருந்தார்கள். கையால் போடுகிற பெயிண்டும் உப்பும் இலையும் எப்படி 40 தடவை ஒரே மாதிரி விழும்? அதை ஆர்டர் வாங்கும்போதே வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். 14-க்கு உண்டான 4,900 ரூபாய் மட்டும் கையில் வந்தது. அதை அப்படியே கடனில் கட்டினோம். 3,100 நின்றது.

அடுத்த குழுக் கூட்டத்தை நாங்கள் மறக்க மாட்டோம். பயிற்சிக்கு வராத உறுப்பினர்கள் கேட்டார்கள், "எங்க சேமிப்புப் பணத்துல நீங்க கலர் அடிச்சு விளையாடினீங்களா?" என்று. கோபம் வந்தது, ஆனால் கேள்வியில் தப்பில்லை. ஒரு அக்கா மகள் காலேஜ் பீஸுக்காகக் கடன் கேட்டு வரிசையில் காத்திருந்தார், நாங்கள் கட்டாததால் அவருக்குத் தள்ளிப்போனது. வட்டியைத் தள்ளுபடி செய்யலாம் என்று சிலர் இரக்கப்பட்டுச் சொன்னார்கள். ஊக்குநர் அக்காதான் வேண்டாம் என்றார். அவரும் எங்கள் ஐந்து பேரில் ஒருத்தர். தனக்கு ஒரு சட்டம், மற்றவர்களுக்கு ஒரு சட்டம் என்று நாளைக்குப் பேச்சு வரும் என்றார். ஆளுக்கு 620 ரூபாய், மாசம் 155 வீதம் நாலு மாசம், வட்டி தனி என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். முதல் இரண்டு தவணைக்கு எங்களில் இரண்டு பேர் களை எடுக்கப் போன கூலியைக் கட்டினார்கள். வீட்டில் என்ன பேச்சு வாங்கினோம் என்பதை இங்கே சொல்ல வேண்டாம்.

திரும்பி வந்ததைத் தூக்கிப் போடவில்லை. குறையில்லாத பதினொன்றையும் பக்குவமாக மறுபடி இஸ்திரி போட்டு, கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் நடந்த மகளிர் குழுக் கண்காட்சியில் வைத்தோம். ஒன்று 450 ரூபாய் என்று சீட்டு எழுதி மாட்டினோம். "ஒன்றுபோல ஒன்று இருக்காது" என்றும் பெரிய எழுத்தில் எழுதினோம். கடை திருப்பியதற்கு என்ன காரணம் சொன்னதோ, அதையே பார்த்து இங்கே வாங்கினார்கள்! மூணு நாளில் பதினொன்றும் போய்விட்டது. கசிந்ததில் பதினாலை அலசி, நல்ல இடமாகப் பார்த்து இரண்டு இரண்டாக வெட்டி, மடித்துத் தைத்து 28 சில்லறைப் பை ஆக்கினோம். பை ஒன்று 60 ரூபாய். இங்கே முன்வரிசையில் சந்தாப் பணம் வைத்திருக்கிறீர்களே, அந்த நீலப் பை அதில் ஒன்றுதான்.

எல்லாம் கூட்டிக் கழித்தால் ஆளுக்கு 600 ரூபாய்தான் நின்றது. அவ்வளவு வேலைக்கு அது கூலியே இல்லை. கடன் மட்டும் தேதி தவறாமல் அடைந்தது.

இப்போது கணக்கு வேறு. ஒன்று தைக்க, வண்ணம் போடுவதிலிருந்து பட்டி தைப்பது வரை, ஒரு ஆளுக்கு ஆறு மணி நேரம் ஆகிறது. முன்பெல்லாம் பொருள் விலையை மட்டும் கூட்டி, மேலே கொஞ்சம் வைத்து விலை சொல்வோம். நம் நேரத்துக்கு விலை போட நமக்கே கூச்சம். இப்போது பொருள் 95, கூலி மணிக்கு 50 வீதம் 300, கரண்ட், பஸ், தேய்மானம் 25, குழுவுக்கு 30. மொத்தம் 450. இதற்குக் கீழே கேட்டால் கும்பிட்டு அனுப்பிவிடுகிறோம். ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் ஆர்டர் எடுப்பதில்லை. பாதிப் பணம் முன்னாலேயே வாங்குகிறோம். கலரும் உருவமும் மாறும் என்று எழுதி, வாங்குகிறவர் கையெழுத்தையும் வாங்கிக்கொள்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் பெயிண்ட் வேலை கிடையாது. மழைக்காலத்தில் ஏற்கெனவே போட்டு வைத்த துணியைத் தைப்பது மட்டும்தான்.

மாசத்துக்கு மொத்தம் எட்டு, பத்து போகிறது. பெரிய வருமானம் என்று சொல்ல மாட்டோம். இதை நம்பி யாரும் ஆடு, மாட்டை விற்றுவிட வேண்டாம்.

இருபத்தாறில் பதினொன்றும் பதினாலும் இருபத்தைந்துதானே, ஒன்று எங்கே என்று கணக்குப்பிள்ளை அக்கா யாராவது கேட்பீர்கள். அது மூத்த அக்காவின் வேட்டித் துணியில் செய்தது. அவசரத்தில் துணி போதாமல் அவரே கொடுத்தார். மூணு செய்தோம். இரண்டு விற்றுவிட்டது, யார் வீட்டுச் சுவரில் இருக்கிறதோ தெரியாது. ஒன்று திரும்பி வந்தது. கசிந்த பெட்டியில்தான் இருந்தது. நீலம் இறங்கி வெள்ளையெல்லாம் லேசாக வானக் கலர் ஆகிவிட்டது. வெட்டலாமா என்று கேட்டபோது அக்கா 95 ரூபாயை எடுத்து வைத்தார், பொருள் விலை என்று. நாங்கள் வாங்க மாட்டோம் என்றோம். குழுப் பணம், கணக்கில் வரணும் என்று சொல்லி ரசீது போட வைத்துவிட்டுத்தான் எடுத்துக்கொண்டு போனார். இன்றைக்கு இங்கே காட்டக் கொண்டு வரலாமா என்று கேட்டோம். தலையை ஆட்டிவிட்டார்.

அடுத்த மாசம் இரண்டாவது சனிக்கிழமை, இதே கட்டடத்தின் பின் திண்ணையில், கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு ஒரு நாள் சொல்லித்தருகிறோம். துவைத்த பழைய வேட்டி அல்லது வெள்ளைத் துணி ஒன்று, பழைய சீப்பு, கல்யாணப் பத்திரிகை அட்டை, கைப்பிடி கல் உப்பு, இரண்டு வெண்டைக்காய் கொண்டு வாருங்கள். பழைய சேலையைக் கட்டிக்கொண்டு வாருங்கள், பெயிண்ட் பட்டால் போகாது. பெயிண்டும் இஸ்திரிப் பெட்டியும் எங்களுடையது. பெயிண்டுக்கு ஆளுக்கு 40 ரூபாய், வரும்போதே கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வெயில் இருக்கணும், ஒன்பது மணிக்கே வந்துவிடுங்கள்.